கையில் அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறதா? தமிழ்நாட்டில் யார் ஓட்டுப் போடலாம், எதைக் காட்ட வேண்டும்

திருமங்கலத்தான்:

வணக்கம். என் வாக்காளர் அட்டை திருமங்கலம் முகவரியில் இருக்கிறது. வேலைக்காகத் தாம்பரம் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இந்தத் தடவை இங்கேயே ஓட்டுப் போடலாம் என்று விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "இங்கே புதுசா ஒரு அட்டை வாங்கிக்கோ, பழையது பாட்டுக்கு ஊரில் இருக்கட்டும்" என்கிறார். இன்னொருவர், "ஆதார் இருந்தால் போதும், எந்த பூத்திலும் போடலாம்" என்று அடித்துச் சொல்கிறார்.

வீட்டில் இன்னும் இரண்டு கேஸ் இருக்கிறது. தம்பிக்கு வருகிற பிப்ரவரியில் 18 முடிகிறது. அக்கா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறாள். எங்கள் மூன்று பேருக்கும் விதி என்ன சொல்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை வாத்தியார்:

தம்பி, தேர்தல் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுரிமையைத் தருவது பட்டியல். அட்டை நீங்கள் யார் என்று காட்ட மட்டும்தான். எந்த வாக்குச்சாவடியின் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போட முடியும். பெயர் இல்லையென்றால் ஆதார், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்தாலும் திருப்பித்தான் அனுப்புவோம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62 இதைத்தான் சொல்கிறது. "ஆதார் இருந்தால் எங்கேயும் போடலாம்" என்று சொன்ன நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து இதைப் புரிய வையுங்கள்.

"புதுசா ஒண்ணு வாங்கிக்கோ" என்ற யோசனை ஆபத்தானது. புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கு உள்ளது படிவம் 6. அதில் முதல் முறையாகச் சேர்கிறேன், வேறு எங்கும் என் பெயர் இல்லை என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறோம். உங்களுக்குத் திருமங்கலத்தில் பெயர் இருக்கும்போது அதில் கையெழுத்துப் போட்டால் பொய் உறுதிமொழி. உங்களுக்கானது படிவம் 8. வீடு மாற்றம், பெயர் அல்லது வயதில் திருத்தம், தொலைந்த அட்டைக்குப் பதில் அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது எல்லாம் இப்போது அந்த ஒரே படிவத்தில்தான். தொகுதிக்குள் மாறினாலும் தொகுதி விட்டுத் தொகுதி மாறினாலும் அதேதான். புது இடத்தில் பெயர் ஏறும்போது பழைய இடத்தில் நீக்கப்படும். அட்டையில் இருக்கும் எண் மாறாது.

தம்பிக்கு: 18 நிரம்பியதா என்று கணக்குப் பார்க்கும் தகுதி நாள் முன்பு ஜனவரி 1 மட்டும்தான். 2021இல் சட்டத்தைத் திருத்தி, 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு ஆக்கினார்கள். பிப்ரவரியில் 18 முடிகிறவர் ஏப்ரல் 1 கணக்கில் வருவார். 17 முடிந்திருந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். வாங்கி வைத்துக்கொண்டு அந்தக் காலாண்டு வந்ததும் சேர்ப்பார்கள். ஆனால் வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. அந்த நாள் ஏப்ரல் 1க்கு முன்னால் விழுந்தால் அந்தத் தேர்தல் அவருக்கு இல்லை. பையன் வருத்தப்படுவான், ஆனால் விதி அதுதான்.

அக்கா விஷயத்தைச் சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

அடுக்குமாடி ஆறுமுகம்:

இதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நான் குடியிருப்பது கோவை. ஆனால் சென்னையில் சொந்த ஃபிளாட் இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறேன். வருஷா வருஷம் சொத்து வரி கட்டுகிறேன். அங்கே சாக்கடை அடைத்தால் என் சொத்துதான் பாழாகிறது. வரி கட்டுகிறவனுக்கு ஓட்டு இல்லை, போன வருஷம் வந்த வாடகைக்காரனுக்கு உண்டு என்றால் என்ன நியாயம்?

கருப்புக்கோட்டு:

ஆறுமுகம் சார், நியாயம் பிறகு பேசுவோம், சட்டம் தெளிவாக இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 19இல் இரண்டே நிபந்தனைதான். தகுதி நாளில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்க வேண்டும். வழக்கமாகக் குடியிருப்பது என்றால் என்ன என்று பிரிவு 20 சொல்லும்போது, முதல் வரியிலேயே உங்களை மனதில் வைத்து எழுதியது போல ஒரு வாசகம் வருகிறது: ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரராக இருப்பதாலோ அது கைவசம் இருப்பதாலோ மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். உங்கள் ஃபிளாட்டில் இருக்கும் வாடகைக்காரர்தான் அங்கே வாக்காளர். சொத்து உள்ளவனுக்கும் வரி கட்டுகிறவனுக்கும் மட்டும் ஓட்டு என்ற முறை வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தது. அதை வேண்டாம் என்றுதான் அரசியலமைப்பின் 326ஆவது பிரிவில் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று எழுதினார்கள். அப்போது வயது 21. 61ஆவது திருத்தம் அதை 18 ஆக்கியது, 1989இல் நடைமுறைக்கு வந்தது.

வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்குப் பிரிவு 20ஏ. 2010இல் சேர்த்தது. வேலை, படிப்பு என்று வெளியே இருந்து, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர்கள் படிவம் 6ஏ கொடுத்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்திய முகவரியில் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். அங்கிருந்தபடியே தபாலிலோ இணையத்திலோ போட வழி இல்லை. சாவடியில் அசல் பாஸ்போர்ட் மட்டும்தான் செல்லும். விமான டிக்கெட் போட்டு வந்து ஆதாரை நீட்டினால் பயன் இல்லை.

மணிமேகலை:

சாவடியில் எதைக் காட்டலாம் என்ற பட்டியலை யாராவது ஒழுங்காகப் போடுங்களேன். கடந்த மக்களவைத் தேர்தலில் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் ரேஷன் ஸ்மார்ட் கார்டை எடுத்துக்கொண்டு, வெயிலில் வரிசையில் நின்று, உள்ளே போய்த் திரும்பி வந்தார். "இதிலே என் போட்டோ இருக்கு, கவர்மென்ட் முத்திரை இருக்கு, இது ஆகாதா?" என்று கேட்டபடியே வந்தார். பேரன் ஓடிப்போய் பேங்க் பாஸ்புக்கை எடுத்து வந்த பிறகுதான் விட்டார்கள்.

நெல்லை வாத்தியார்:

மேடம், அந்தப் பாட்டியைப் போல ஒவ்வொரு சாவடியிலும் சிலர் வருவார்கள். நம் ஊரில் ரேஷன் கார்டுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்று பழகிவிட்டோம், ஆனால் ஆணையத்தின் பட்டியலில் அது இல்லை.

2024இல் வாக்காளர் அட்டைக்குப் பதிலாக ஒப்புக்கொண்டவை பன்னிரண்டு. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இந்த நாலும் எல்லாருக்கும் தெரியும். நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் ஆபீஸ் பாஸ்புக், போட்டோ உள்ள ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அட்டை இவைதான் கிராமத்துப் பக்கம் அதிகம் வரும். மீதி: தொழிலாளர் அமைச்சகத் திட்டத்தின் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டு, மக்கள்தொகைப் பதிவேட்டு ஸ்மார்ட் கார்டு, எம்.பி., எம்.எல்.ஏ. அட்டை, அரசு, பொதுத்துறை மற்றும் பப்ளிக் லிமிடெட் நிறுவனங்களின் பணியாளர் அட்டை. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும் எல்லாக் கம்பெனி அட்டையும் செல்லாது, பிரைவேட் லிமிடெட் என்றால் கிடையாது. அடுத்த தேர்தல் அறிவிப்போடு வரும் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், சின்ன மாற்றம் வரலாம்.

பூத் சிலிப்பும் தனியாகச் செல்லாது. 2019 தேர்தலுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று தேட அது உதவும், அவ்வளவே. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், பயம் போகும். முதல் அலுவலர் கையில் பட்டியல் இருக்கும். வரிசை எண்ணைப் பார்த்து உங்கள் பெயரைச் சத்தமாக வாசிப்பார். அது பின்னால் உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்ட்டுகளுக்காக. அவர்களும் தங்கள் பிரதியில் டிக் அடிப்பார்கள். ஆட்சேபம் இல்லையென்றால் சிவப்பு மையில் கோடு விழும். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு சீட்டுக் கொடுப்பார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தில் பொத்தானை அமுக்கி உங்களுக்கு வழிவிடுவார்.

அட்டையில் "முருகன்" என்றும் பட்டியலில் "முருகேசன்" என்றும் இருந்தால் பலரும் பதறுகிறார்கள். சின்ன எழுத்துப்பிழையைப் பெரிதாக எடுக்கக் கூடாது, ஆள் இவர்தான் என்று தெரிந்தால் போதும் என்பதே எங்களுக்குச் சொல்லும் பாடம். வேறு தொகுதியில் கொடுத்த பழைய அட்டையும் அடையாளத்துக்குச் செல்லும், பெயர் இந்தச் சாவடிப் பட்டியலில் இருந்தால். போட்டோ ஆளோடு பொருந்தவே இல்லையென்றால்தான் வேறு ஆவணம் கேட்போம்.

கைபேசியில் ஆதாரைக் காட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் வராதீர்கள். சாவடிக்குள் கைபேசியோடு விட மாட்டார்கள்.

கேள்விக்குறி:

நம் ஓட்டை வேறு ஒருவன் போட்டுவிட்டுப் போயிருந்தால்? ஒரு படம் வந்ததிலிருந்து 49பி, 49பி என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது நிஜமாகவே நடக்குமா?

அப்புறம் இன்னொன்று. ஜெயிலில் இருக்கிறவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் கேஸ் உள்ளவர்கள் தேர்தலில் நிற்கிறார்களே, எப்படி?

கருப்புக்கோட்டு:

49பி இருக்கிறது, 1961 தேர்தல் நடத்தை விதிகளில். உங்கள் பெயரில் முன்பே ஓட்டு விழுந்திருந்தால், நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலருக்குத் திருப்தியானால், அச்சடித்த வாக்குச்சீட்டு ஒன்று தருவார்கள். இயந்திரத்தில் போட முடியாது. நீங்கள் முத்திரை குத்திக் கொடுத்ததை உறையில் போட்டுத் தனியாக வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அதைப் பிரிக்க மாட்டார்கள். தேர்தல் வழக்கு உயர் நீதிமன்றம் போய், நீதிமன்றம் சொன்னால்தான் அது வெளியே வரும். படத்தில் காட்டுகிற மாதிரி அன்றைக்கே முடிவை மாற்றுகிற ஆயுதம் அல்ல. ஆனாலும் விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் கள்ள ஓட்டு விழுந்ததற்கு எழுத்தில் கிடைக்கும் தடயம் அது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வந்திருப்பவர் அசல் ஆள் இல்லை என்று ஏஜென்ட் நினைத்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். இரண்டு ரூபாய் என்பது எந்தக் காலத்துத் தொகையோ, இன்னும் மாறவில்லை.

சிறை விஷயம்: 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 62(5). தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, போலீஸ் காவலில் இருப்பவர் யாருக்கும் ஓட்டு இல்லை. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் தபால் ஓட்டு உண்டு. 1997இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. ஜாமீனில் வெளியே இருந்தால் தாராளமாகப் போடலாம். தண்டனை முடித்து வந்தவரும் போடலாம், தேர்தல் குற்றங்களுக்காகத் தகுதியிழப்பு ஏதும் நிலுவையில் இல்லையென்றால். வேடிக்கை எங்கே என்றால், 2013இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி உள்ளே இருக்கும் விசாரணைக் கைதி தேர்தலில் நிற்கலாம். ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் தனக்குத் தானே ஓட்டுப் போட முடியாது! ஜாமீன் கட்டப் பணம் இல்லாமல் உள்ளே கிடப்பவருக்கு ஓட்டு இல்லை, கட்டி வெளியே வந்தவருக்கு உண்டு. என் வரையில் இது சரியில்லாத சட்டம்தான், ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

அடுக்குமாடி ஆறுமுகம்:

சரி, ஃபிளாட் விஷயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் குடியிருப்பதுதான் கணக்கு என்றால், தேர்தலுக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்தில் நிற்க இடமில்லாமல் ஊருக்குப் பஸ் ஏறுகிறார்களே, அவர்கள் எல்லாம் சட்டப்படி தப்பா? பத்து வருஷமாகச் சென்னையில் குடியிருந்துகொண்டு ஊரில் ஓட்டுப் போடுகிறார்கள்.

நெல்லை வாத்தியார்:

நல்ல கேள்வி. பிரிவு 20 தற்காலிகமாக வெளியே போயிருப்பவர் தன் குடியிருப்பை இழப்பதில்லை என்றும் சொல்கிறது. எது தற்காலிகம் என்பதற்கு நாள் கணக்கு கொடுக்கவில்லை. மேன்ஷனில் தங்கிக் கட்டட வேலை செய்துவிட்டு நடவுக்கும் அறுப்புக்கும் ஊர் திரும்புகிறவருக்கு ஊர்தான் வீடு. மனைவி மக்களோடு வந்து, பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்து, காஸ் இணைப்பு வரைக்கும் மாற்றிவிட்டவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. பொங்கலுக்குப் போகிற இடத்தில் ஓட்டு வைத்துக்கொள்வது பாசம்தான், ஆனால் அப்படிப்பட்டவர் இங்கே மாற்றிக்கொள்வதுதான் முறை. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்வது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. பிரிவு 17 அதற்கு நேரடித் தடை. உறுதிமொழியில் பொய் சொன்னால் பிரிவு 31இன்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு விருப்பம் உண்டு. பெற்றோர் வீட்டு முகவரியிலும் இருக்கலாம், குறைந்தது ஓராண்டுப் படிப்பு என்றால் விடுதி முகவரிக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஏதாவது ஒன்றுதான்.

வீடே இல்லாதவருக்கும் ஓட்டு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பாலத்தடியில் படுப்பவர் விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய் அந்த ஆள் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். முகவரிச் சான்று கேட்கக் கூடாது.

மண்டபத்துப் பையன்:

இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. என் கூடப் படித்தவர்கள் பலர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆதார் இருக்கிறது, ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. வாக்காளர் அட்டை இல்லை.

கருப்புக்கோட்டு:

தம்பி, அங்கே தடை குடியிருப்பு அல்ல, குடியுரிமை. பிரிவு 16இன்படி இந்தியக் குடிமகன் அல்லாதவர் பட்டியலில் சேர முடியாது. ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல. ஆனால் எல்லாரையும் ஒரே கூடையில் போட வேண்டாம். 1955 குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 3இன்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். முகாம்களில் 83 கலவரத்துக்குப் பிறகு வந்த குடும்பங்களில், 87க்கு முன் இங்கே பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும், 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுக்கம்.

மணிமேகலை:

குடியுரிமைப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எஸ்.ஐ.ஆர்., அதாவது வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று 2025 நவம்பரில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்களே, அதற்குப் பிறகு வந்த வரைவுப் பட்டியலில் என் தோழி பெயர் இல்லை. கல்யாணமாகி வேறு ஊர் போனவள். பிறந்த வீட்டுக்கு வந்த அலுவலர் இங்கே இல்லை என்று எழுதிப் போய்விட்டார், புகுந்த வீட்டில் அவளுக்குப் படிவமே வரவில்லை. கையில் பழைய அட்டை அப்படியே இருக்கிறது.

நெல்லை வாத்தியார்:

இந்த இழையின் தலைப்பே அதுதான் மேடம். அட்டை இருக்கும், பெயர் போயிருக்கும். எஸ்.ஐ.ஆரில் 2002, 2005 காலத்துப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வாக்காளர் ஆன பெண்கள், கல்யாணமாகி இடம் மாறியவர்கள், வாடகைக்கு வாடகை மாறுகிறவர்கள் இவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். என் கருத்து, அலுவலர்மேல் மட்டும் பழி போட்டுப் பயன் இல்லை. அந்த வேலையைச் செய்வதும் அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர் மாதிரி ஆட்கள்தான், சொந்த வேலைக்கு நடுவே.

பெயர் நீக்கப்பட்டிருந்தால் படிவம் 8 உதவாது. பட்டியலில் இல்லாத பெயரை இடம் மாற்ற முடியாதே. இப்போது குடியிருக்கும் முகவரியில் படிவம் 6 போடச் சொல்லுங்கள். கேட்கும் உறுதிமொழியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். வாக்காளர் பதிவு அலுவலர் நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அதுவும் பலிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். நிராகரிப்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். வாய்ச்சொல்லை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது.

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் நன்றி. ஊரில் அப்பா என் எஸ்.ஐ.ஆர். படிவத்தையும் நிரப்பிக் கொடுத்திருந்ததால் அங்கே பெயர் பத்திரமாக இருக்கிறது, இணையத்தில் அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டேன். படிவம் 8 போட்டுத் தாம்பரத்துக்கு மாற்றப் போகிறேன். முகவரிச் சான்றுதான் இடிக்கிறது. கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில், ஒப்பந்தம் பதிவு செய்யாதது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஏற்பார்களா?

நெல்லை வாத்தியார்:

வீட்டுக்காரர் பெயரில் உள்ள பில் உங்களுக்குச் சான்று ஆகாது. உங்கள் பெயரில், அல்லது ஏற்கனவே அந்த முகவரியில் வாக்காளராக உள்ள பெற்றோர், மனைவி பெயரில் இருக்க வேண்டும். ஒப்பந்தமும் பதிவு செய்ததைத்தான் கேட்கிறார்கள். சுலபமான வழி, வங்கிக் கணக்கில் முகவரியைத் தாம்பரத்துக்கு மாற்றி, புது முகவரியோடு பாஸ்புக் அச்சிட்டு வாங்குவது. ஆதாரில் முகவரி மாற்றினாலும் சரி. எதுவுமே கிடைக்காவிட்டாலும் விண்ணப்பியுங்கள், அலுவலர் வீட்டுக்கு வந்து நேரில் பார்ப்பார். அன்றைக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும், பூட்டிக் கிடந்தால் நிராகரித்துவிடுவார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர் என்றால் பக்கத்து வீட்டில் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒப்புகை எண் போதும், கேட்க வேண்டுமென்றால் 1950 என்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.